பயன்படாத கோப்புகள்

காலை பத்து மணிக்கு என் அறையில் இருந்தவர்கள்: அக்கா, கட்டில் விளிம்பில், ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பையை மடியில் வைத்துக்கொண்டு. அத்தான், கதவு நிலையில் சாய்ந்து, தெருவில் நிறுத்திய காரை யாராவது எடுக்கச் சொல்வார்களோ என்று பார்த்தபடி. அவர்கள் மகள் குட்டி, நாலு வயது, என் நாற்காலியின் கைப்பிடியில் தொற்றிக்கொண்டு. நான், அந்த நாற்காலியில், லேப்டாப்பின் முன்னால். வேறு யாரும் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்காவின் குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். கட்டி. வேறு வழியில்லை என்று மூன்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுவாள்; பேச மாட்டாள். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு மாதம் முன்பே ஒரு தாளைக் கொடுத்திருந்தார். இருநூற்று ஐம்பது வாக்கியங்கள். அமைதியான அறையில், நல்ல மைக்கில் பதிவுசெய்து கொடுத்தால், பின்னால் அக்கா தட்டச்சு செய்வதை ஒரு கருவி அவள் குரலிலேயே பேசும். பார்சல் பிரிக்கும் கிடங்கில் இரவு வேலையை நான் விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. என்னிடம் ஒரு லேப்டாப், பழைய மைக் ஒன்று, சுவரெல்லாம் தொங்கவிட்ட போர்வைகள், பாட்டு உருவாக்கும் மென்பொருள் ஒன்று இருந்தன. அந்த மென்பொருளில் எனக்குத் தெரிந்தது மூன்றில் ஒரு பங்குதான். எங்கள் குடும்பத்தில் அதுவே அதிகம். வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பதினோரு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவன் காலில் தன் உயிரை வைத்துக்கொண்டு பேசிப் பழகிய குரல். கத்தவே மாட்டாள். கண்ணாடி திறந்திருந்தால் தெருமுனையில் இருப்பவனும் பிரேக்கை மிதிப்பான், அப்படி ஒரு அழுத்தம். கடைசி வகுப்பை முடித்துவிட்டுப் பதினோரு நாள் சாயங்காலம் இங்கே வந்து, போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்து வாசித்தாள். 'தயவுசெய்து என் தலையணையைச் சற்று உயர்த்துங்கள்' என்ற வாக்கியம் வந்தபோது நிறுத்திவிட்டாள். "யாருடா இப்படிப் பேசுவா? நான் என்ன அரண்மனையிலயா அட்மிட் ஆகப்போறேன்?" என்று கேட்டதும் பதிவாகியிருந்தது. தாளில் இருந்தவை போதாது என்று தானாக முப்பத்தேழு வாக்கியங்கள் எழுதிக்கொண்டு வந்தாள். முக்கால்வாசி திட்டு. குட்டி பத்து வயதில் பொய் சொன்னால் திட்டுவதற்கு, பதினைந்து வயதில் கதவை அறைந்து சாத்தினால் திட்டுவதற்கு, அத்தான் சாவியைத் தொலைத்தால் திட்டுவதற்கு. பேர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும் ஆறு விதம்: எழுப்புவதற்கு ஒன்று, சாப்பிட வரச்சொல்வதற்கு ஒன்று, ரோட்டில் ஓடினால் கூப்பிட ஒன்று. மொத்தம் இருநூற்று எண்பத்தேழு.

முடித்த அன்றே நான் அதைக் கொடுத்திருக்கலாம். மின்விசிறியின் இரைச்சல் லேசாக அடியில் கேட்டது. அதை எடுப்பது எப்படி என்று வீடியோக்கள் பார்த்து, ஒரு வாரம் இரைச்சல் நீக்கிக்கொண்டிருந்தேன். சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த வாரத்தில்தான் அக்காவுக்குத் தொண்டையில் இன்னொருமுறை சதை எடுத்துப் பார்த்தார்கள். அதற்கப்புறம் அவள் குரல் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. காகிதத்தைக் கிழிப்பது போல் ஒன்று மிஞ்சியிருந்தது.

இப்போது மதியம் இரண்டு மணிக்குள் அவள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். போகிற வழியில் ஒருமுறை கேட்டுவிட்டுப் பென்டிரைவை வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்திருந்தார்கள். நான் திறந்தேன். திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்தது: 287 கோப்புகளைக் காணவில்லை.

அதை மூடினேன். அவ்வளவு வேகமாக நான் எதையும் மூடியதில்லை. பெட்டிக்குப் பின்னால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அக்காவின் குரல் வரி வரியாக, மேடும் பள்ளமுமாகப் படத்தில் தெரிந்தது. எந்த மேடு எந்த வாக்கியம் என்றுகூட எனக்குத் தெரியும். பொத்தானை அழுத்தினேன். செங்குத்தான கோடு அந்த மேடுகளின் மேல் இடமிருந்து வலமாக ஊர்ந்து போனது. சத்தம் வரவில்லை.

"ஸ்பீக்கர்" என்றேன்.

புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்குச் சத்தம் வராவிட்டால் பார்க்க வேண்டியவை என்று ஒரு வரிசை உண்டு. நான் அதை ஒவ்வொன்றாகச் செய்துகாட்டினேன். வயரைப் பிடுங்கிச் சொருகினேன். எந்தக் கருவி வழியாகச் சத்தம் வெளியேறுகிறது என்ற பட்டியலைத் திறந்து மாற்றினேன். ஏதாவது ட்ராக் ஊமையாக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். எதிலும் கோளாறு இல்லை என்று எனக்குத் தெரிந்தே செய்தேன்.  அத்தான், ஒருமுறை அணைத்துவிட்டுப் போட்டுப் பார் மாப்ள, எங்கள் அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் அதுதான் வைத்தியம் என்றார். அணைத்துப் போட்டேன். மறுபடி அந்தப் பெட்டி வந்தது. இந்த முறை குட்டியின் தலை திரைக்கு முன்னால் இருந்தது. அவளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். ரெண்டு, எட்டு, ஏழு என்று படித்தாள். என் விரல் அதற்குள் மூடிவிட்டது.

அக்கா திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாக ஸ்டியரிங் பிடித்தவனின் கையை அவள் அப்படித்தான் பார்ப்பாள், அவன் வண்டியை எங்கே கொண்டுபோகப் போகிறான் என்று அவனுக்கு முன்னால் தெரிந்துகொள்ள. நாலு மணிக்குள் ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்துவிடுகிறேன் என்றேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள். கார் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை நான் திரும்பவில்லை.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குமுன் ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடினேன் என்பது உண்மை. ஆனால் தேடும்போதே போன செவ்வாய்க்கிழமை நினைவில் வந்து நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு தாளம் தோன்றியிருந்தது. மென்பொருளில் புதிதாக ஒரு வேலையைத் திறந்து மைக், சத்த அளவு எல்லாவற்றையும் மறுபடி அமைக்கச் சோம்பல். அக்காவின் பதிவைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, அந்த நகலில் இருந்த அவள் வரிகளை எடுத்துவிட்டு, அங்கே என் தாளத்தைப் போட்டேன். நகல்தானே, மூலம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தேன். உள்ளபடி மூலத்திலும் குரல் கிடையாது. இந்த மென்பொருள்கள் சேமிப்பது ஒரு வரைபடம் மட்டும்தான்: இந்த நொடியில் இந்தக் கோப்பை ஒலி என்ற குறிப்பு. குரல் பக்கத்தில் வேறொரு ஃபோல்டரில் தனித்தனிக் கோப்பாகக் கிடக்கும். என் நகலும் அவளுடைய மூலமும் ஒரே ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருந்தன. இதை இப்போது என்னால் தூக்கத்தில்கூடச் சொல்ல முடியும். செவ்வாய்க்கிழமை தெரியாது.

தாளம் ஓடும்போது பொரிந்தது. எண்ணெயில் தண்ணீர் பட்ட மாதிரி படபடவென்று. தொடக்கக்காரர்களுக்கான பத்து குறிப்புகள் என்று ஒரு வீடியோ. ஐந்தாவது குறிப்பு: கணினியில் இடம் குறைந்தால் சத்தம் பொரியும், பயன்படாத கோப்புகளை நீக்கு என்ற கட்டளையைக் கொடுங்கள். கொடுத்தேன். இந்த வேலையில் பயன்படாத கோப்புகள் இத்தனை, நீக்கினால் திரும்ப எடுக்க முடியாது, நீக்கவா என்று கேட்டது. என் தாளத்தில் அக்காவின் குரல் பயன்படவில்லை. அது சரியாகத்தான் கேட்டது. எண் அந்தப் பெட்டியிலேயே இருந்திருக்கும். நான் படிக்கவில்லை. ஆமாம் என்று அழுத்தினேன். பொரிவது நின்றது. சந்தோஷப்பட்டு, காலியான இடத்தில் தாள வாத்தியச் சத்தங்கள் நாலாயிரத்தைத் தரவிறக்கிக் கொட்டினேன்.

அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கேட்டது. அதுவரை நாற்காலியில் உட்கார முடியவில்லை. போர்வைகளுக்கு நடுவே நடந்தேன். அத்தான் போனில் இரண்டுமுறை கூப்பிட்டார். பயிற்சியம்மா கேட்கிறார், மூன்றரைக்குப் போய்விடுவார் என்றார். இன்னும் அரைமணி என்று இரண்டுமுறையும் சொன்னேன். இந்த மென்பொருளில் விவரமானவர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் நடந்ததை எழுதிப்போட்டேன்.

மீட்பு முடிந்தபோது பட்டியலில் பெயர்கள் வந்திருந்தன. அக்கா 1, அக்கா 2, அக்கா 3. நான் சத்தமாக ஏதோ சொன்னேன், என்னவென்று நினைவில்லை. வரிசையாக, ஒன்றுகூடக் குறையாமல் இருநூற்று எண்பத்தேழு. முதலாவதை அழுத்தினேன். முரசு ஒன்று ஒரே ஒரு அடி அடித்தது. இரண்டாவதை அழுத்தினேன். ஜால்ரா. இருநூற்று ஐம்பத்தொன்று, குட்டியைச் சாப்பிடக் கூப்பிடுவது. கைதட்டல். பெயர் அவளுடையது, உள்ளே இருந்தது நான் கொட்டியது. அவள் இருந்த இடத்தின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. எல்லாவற்றையும் அழுத்தினேன். விட்டுவிடப் பயமாக இருந்தது, எங்காவது ஒன்று தப்பியிருக்கலாம். பெயரைப் படிப்பேன், வாக்கியம் ஞாபகம் வரும், அவள் வாயைத் திறப்பாள், அடி விழும். இருநூற்றுப் பன்னிரண்டில் மட்டும் ஒரு மூச்சு கேட்டது. பேசுவதற்கு முன் உள்ளே இழுக்கும் மூச்சு. பிறகு 'நீ' என்று ஆரம்பித்து, அங்கேயே இரைச்சலாகிவிட்டது. அதை ஏழு எட்டு முறை கேட்டேன்.

இணையக் குழுவில் பதில் வந்திருந்தது. மேலே எழுதிவிட்டால் யாராலும் எடுக்க முடியாது நண்பரே, இனிமேல் ஒவ்வொரு வேலைக்கும் தனி ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள், தொடக்கத்தில் எல்லாரும் செய்கிற தப்புதான். கடைசியில் சிரிக்கும் முகம்.

போன்களில் எதுவும் இல்லையா என்று யோசித்தேன். அக்காவுக்குக் குரலில் செய்தி அனுப்பும் பழக்கம் கிடையாது. கூப்பிடுவாள், பேசுவாள், வைப்பாள். வீடியோக்களில் எல்லாம் எடுப்பவள் அவள்தான். இங்கே பார், இங்கே பார் என்பாள், காற்று அடிக்கும், முடிந்துவிடும். எல்லாவற்றையும் ஒட்டினாலும் ஒரு நிமிடம் தேறாது.

அப்போது எனக்கு ஓர் எண்ணம் வந்தது. லேப்டாப் எரிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அத்தானுக்கு இதெல்லாம் தெரியாது, என்னைத்தான் தேற்றுவார். அக்கா சந்தேகப்படுவாள். ஆனால் நாளைக் காலைக்குப் பிறகு அவளால் என்னைக் கேள்வி கேட்க முடியாது. அந்த நினைப்பில் உடம்பு தளர்ந்து, ஒரு நிமிடம் நன்றாக மூச்சு வந்தது. அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி எனக்கு இன்றுவரை பயம். அதற்கப்புறம் லேப்டாப், மைக், ஹெட்போன், வயர் நான்கையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நாலாவது மாடி. அக்கா முதுகுப்பக்கம் முடிச்சுப்போட்ட ஆஸ்பத்திரி உடையில், படுக்கையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் பெயர்ப்பட்டை. குட்டிக்குக் கீழே ஏதோ வாங்கிக்கொடுக்க அத்தான் கூட்டிப்போயிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். தாளம், நகல், பெட்டி, முரசு எல்லாவற்றையும். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. முரசில் ஆரம்பித்துப் பின்னால் போனேன். 

"அழிக்கிறதுக்கு முன்னாடி கேக்குமேடா. கேட்டுச்சா?" என்றாள். காகிதம் கிழிந்தது.

"கேட்டுச்சு."

"நீ?"

"ஆமான்னு அமுக்கிட்டேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் யாரோ காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து எழும்பி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. அதற்கு அவளிடம் குரல் இல்லை.

"கண்ணாடியப் பாக்காம ரிவர்ஸ் எடுத்திருக்கடா ஆந்தை" என்றாள். இரவு வேலைக்குப் போன நாளிலிருந்து நான் ஆந்தை. "பின்னாடி யாரு நின்னான்னு பாக்கல."

அப்புறம் என் பையைப் பார்த்தாள். மைக்கின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டினாள்.

வார்டு நர்ஸ் முடியவே முடியாது என்றார். ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடி நெற்றியில். சதை எடுத்த இடம் ஆறவில்லை, பேச வேண்டாமென்று டாக்டர் எழுதியே வைத்திருக்கிறார் என்று அட்டையைத் திருப்பிக் காட்டினார். அக்கா பையிலிருந்து அந்த முப்பத்தேழு வாக்கியங்கள் எழுதிய தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். நர்ஸ் கண்ணாடியை இறக்கிப் படித்தார். மூன்றாவதோ நாலாவதோ படிக்கும்போது சிரித்தார். பிறகு சிரிக்காமல் கடைசிவரை படித்தார்.

"வீங்கிச்சுன்னா மூச்சு அடைச்சுக்கும்மா. நாளைக்குப் போடற ஓட்டைய இன்னைக்கே, இங்கயே, அவசரத்துல போட வேண்டி வரும். புரியுதா?"

அக்கா தலையாட்டினாள். நர்ஸ் என்னைப் பார்த்தார், என்னிடமும் பதில் வேண்டும் என்பது போல. வேண்டாம் அக்கா, விட்டுவிடு என்று சொல்ல வேண்டியவன் நான்தான். வாயைத் திறந்தேன். அவள் விரலை உயர்த்தினாள், வகுப்பில் சிக்னல் காட்டுகிற மாதிரி. மூடிக்கொண்டேன்.

வார்டில் எங்கே திரும்பினாலும் சக்கரம் வைத்த ஏதோ ஒன்று உருண்டது, மணி அடித்தது. கோடியில் துணி அறை இருந்தது. ஜன்னலில்லாத சின்ன அறை, தரையிலிருந்து கூரைவரை மடித்த போர்வைகளும் விரிப்புகளும். உள்ளே கால் வைத்ததும் காது அடைத்தது. என் அறையைவிட நல்ல அறை. இருபது நிமிடம், அதற்குமேல் மாலைத் துணி மாற்ற ஆள் வந்துவிடுவார்கள் என்றார் நர்ஸ். நான் ஒரு முக்காலியைப் போட்டு, மைக்கை அடுக்கில் சாய்த்து நிறுத்தினேன். புதிய ஃபோல்டர் திறந்தேன். பதிவாகும் ட்ராக்கில் சிவப்பு விளக்கு எரிகிறதா, சரியான மைக்கா, ஒலி அளவு காட்டும் பட்டை மஞ்சளைத் தாண்டுகிறதா, இடம் இருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா என்று பார்த்தேன். மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். தவறுதலாக ஒருமுறை எல்லாவற்றையும் மூடிவிட்டேன். திரும்பத் திறந்து மூன்றாவது முறையாகப் பார்த்தேன். இருநூற்று ஐம்பதுக்கு நேரமில்லை. தாளில் இருந்த முப்பத்தேழு மட்டும். இந்தக் குரலில் எடுத்தால் கருவி இந்தக் குரலில்தான் பேசும். குட்டிக்கு ஞாபகமிருக்கப் போவது இதுதான். அதை நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

நான் உள்ளேயே இருப்பதாகத்தான் இருந்தேன். அக்கா கதவைக் காட்டினாள்.

"நீ இருந்தா உன்னத்தான் திட்டுவேன். அதுவும் ஏறிடும்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, என் காதில் இருந்த ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டாள். "கேக்காத. இது அவளுக்கு."

வெளியே வராந்தாவில் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டேன். மைக் வயரைக் கதவுக்கு அடியில் இழுத்து விட்டிருந்தேன். நர்ஸ் உள்ளே எட்டிப் பார்த்து, மூச்சு முட்டினால் கதவைத் தட்டுங்கள், பேசிக்கொண்டிருக்காதீர்கள், தட்டுங்கள் என்று இரண்டுமுறை சொன்னார். அக்கா முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தாளை முழங்கால்மேல் நீவி, இடது கையை இல்லாத ஒரு கியரின் மேல் வைப்பது போலத் தொடையில் வைத்தாள். எங்களைப் பார்க்கவில்லை. பதிவுப் பொத்தானை அழுத்தினேன். கோடு நகர ஆரம்பித்தது, தட்டையாக.

அந்தக் கதவுக்குத் தாழ் கிடையாது. சாத்தினால் தானாகத் திறந்துகொள்ளும். ஒவ்வொருமுறை திறக்கும்போதும் கிறீச்சிடும். பூட்டினால்தான் நிற்கும் என்று நர்ஸ் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அக்காவின் முதுகுப்பக்க முடிச்சு தெரிந்தது, பிறகு போர்வை அடுக்கு, பிறகு ஒரு கீற்று வெளிச்சம். கதவு நிலையோடு சேர்ந்தது. சாவி இரண்டு சுற்று சுற்றியது. உள்ளே அவள் மைக்கைக் கிட்டே இழுத்திருக்க வேண்டும்; என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்த வயர் ஒருமுறை உள்பக்கமாக இழுபட்டு நின்றது.